கண்ணடிக்கு எலுமிச்சை, கல்லடிக்கு ஃபிலிம்

புது கார் வீட்டுக்கு வந்த அன்றே மாமா எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து முன்பக்கம் கட்டிவிட்டார். "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது, அம்மிணி" என்றார். கண்ணடி பட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கல்லடி மட்டும் மூன்றே மாதத்தில் பதினொன்று பட்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் துடைத்துக்கொண்டே எண்ணினேன். கருநீல வண்டியில் ஒவ்வொன்றும் சாக்பீஸ் புள்ளி வைத்த மாதிரி பளிச்சென்று தெரிந்தது. அவற்றில் இரண்டு புள்ளிகளுக்குள் ஏற்கெனவே துரு எட்டிப் பார்த்தது.

நான் இருப்பது வெள்ளகோவில். வேலை கரூரில், ஒரு ஏற்றுமதித் துணி நிறுவனத்தில் கணக்குப் பார்ப்பது. தினமும் தென்னிலை, க.பரமத்தி வழியாகத்தான் போய்வருகிறேன். கல்குவாரியும் கிரஷரும் வரிசையாக இருக்கிற பாதை அது. ஜல்லி ஏற்றிய டிப்பர்கள் நெடுஞ்சாலையில் ஏறித் திரும்பும்போது கொஞ்சம் சிந்திவிட்டுத்தான் போகும். தார்ப்பாய் போட்டிருந்தாலும் சக்கரத்தில் ஒட்டிவரும் கல்லை யார் தடுப்பது?

முதலில் நானும் லாரியிலிருந்து விழும் கல்தான் நம் வண்டியில் படுகிறது என்று நினைத்து டிப்பர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் அப்படி இல்லை. ரோட்டில் சும்மா கிடக்கிற கல்லை முன்னால் போகிற வண்டியின் டயர் தூக்கி எறிகிறது, நாம் வேகமாகப் போய் அதில் மோதுகிறோம். அடியின் பலம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-ல் போவதற்கும் 100-ல் போவதற்கும் கேட்க இருபதுதான் வித்தியாசம், அடி என்னவோ ஒன்றரை மடங்குக்கு மேல். அதனால் காசு செலவில்லாத முதல் பாதுகாப்பு இடைவெளி. கிரஷர் திருப்பங்கள் வரும் இடத்தில் வேகத்தைக் குறைத்து, முன்னால் போகிற வண்டியை நன்றாகப் போகவிட்டுப் பின்னால் போவேன். இரண்டாவது, நான்கு சக்கரத்துக்கும் மட்கார்டு ஃபிளாப். சில நூறு ரூபாய் சமாச்சாரம். நம் டயரே நம் கதவின் அடிப்பக்கத்தில் எறியும் கல்லை அது தடுக்கும். இதெல்லாம் செய்த பிறகும் மிச்சம் இருக்கிற அடிக்குத்தான் பெயிண்ட் மேல் ஒட்டும் ஃபிலிம்.

எதை வாங்குவது

பிபிஎஃப் (பெயிண்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம்) என்று கடைகளில் சொல்வது கண்ணாடி போலத் தெளிவான, கம் தடவிய ஒரு தாள். வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்க ஹெலிகாப்டர்களின் சுழலும் இறக்கைகளை மணல் அரிக்காமல் இருக்க 3எம் நிறுவனம் செய்த பாலியூரித்தேன் உறைதான் இதற்குப் பாட்டன். நல்ல ஃபிலிம் இன்றும் அதே குடும்பம்தான், டிபியூ (தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன்) என்பார்கள். கனம் ஏறக்குறைய 150 முதல் 200 மைக்ரான். வண்டியின் பெயிண்டை அடியில் உள்ள ப்ரைமர் முதல் மேலே உள்ள கிளியர் கோட் வரை எல்லாம் சேர்த்து அளந்தாலும் 100, 150 மைக்ரானுக்குள்தான் வரும். அதாவது பெயிண்டைவிடக் கனமான ஒரு ரப்பர் தோலை அதன் மேல் போர்த்துகிறோம். கல் பட்டால் அந்தத் தோல் அமுங்கிக்கொடுத்து அடியைப் பரப்பிவிடும்.

பெயிண்ட் மேல் பூசும் செராமிக் கோட்டிங் வேறு விஷயம். "இதைப் போட்டாலே போதும் மேடம், கல் ஒன்றும் செய்யாது" என்று ஒரு கடையில் சொன்னார்கள். செராமிக் ஒரு சில மைக்ரான்தான் இருக்கும். தண்ணீர் உருண்டோடும், கழுவ எளிது, பளபளப்பு நிற்கும். ஜல்லிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இன்னொரு பொறி, பிபிஎஃப் என்ற பெயரில் வரும் பிவிசி. அதில் நானே விழுந்தேன். 1,400 ரூபாய்க்கு ஆன்லைனில் ஒரு சுருள் வாங்கி, சைடு மிரர் கண்ணாடிகளின் முதுகிலும் கதவுப் பிடிக் குழிகளிலும் ஒட்டினேன். ஒரு சித்திரை வெயில் போதும், பழைய ரேஷன் கார்டு லேமினேஷன் மாதிரி மஞ்சளாகி, மொறமொறவென்று ஆகிவிட்டது. உரித்தால் துண்டு துண்டாக வந்தது, கம் மட்டும் வண்டியிலேயே நின்றது. நீலகிரித் தைலத்தைத் துணியில் தொட்டுத் தேய்த்து, உடனுக்குடன் சோப்புத் தண்ணீரால் கழுவி, இரண்டு ஞாயிறு போயிற்று.

வாங்கும் முன் ஒரு சின்னத் துண்டு கேளுங்கள். விரலால் மெதுவாக இழுத்துவிட்டால் டிபியூ ரப்பர் போலத் திரும்பி வரும், பிவிசி இழுத்த இழுப்பிலேயே நிற்கும். பித்தளைப் பிரஷால் லேசாகக் கீறி, அதன் மேல் சுடுதண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நல்ல டிபியூவின் மேல்பூச்சில் அந்த மெல்லிய கீறல் கண்ணெதிரே மறையும். துண்டு தர மறுக்கிற கடையில் நான் வாங்கவில்லை.

எங்கே ஒட்டுவது

முழு வண்டிக்கும் ஒட்ட எனக்குச் சொன்ன விலை 95,000. வண்டிக்கடனே இன்னும் முடியவில்லை. அப்புறம் யோசித்துப் பார்த்தால், கூரையில் எந்தக் கல் வந்து அடிக்கப் போகிறது? என் பதினொன்றில் எட்டு பானெட்டின் முன் ஓரத்திலிருந்து இரண்டு சாண் தூரத்துக்குள் இருந்தன. ஒன்று வலது சைடு மிரர் கண்ணாடியின் முதுகில். மீதி இரண்டும் பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால், கதவு முடியும் வளைவில். பம்பரை நான் எண்ணவே இல்லை, அது அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. ஆனால் பம்பர் பிளாஸ்டிக், துருப்பிடிக்காது. பானெட் இரும்பு. ஆகவே பயப்பட வேண்டியது பானெட்டுக்குத்தான்.

நீங்களும் முதலில் உங்கள் வண்டியில் எண்ணுங்கள். எண்ணிய இடம்தான் ஒட்டும் இடம்.

பம்பரை மட்டும் கோயம்புத்தூரில் ஒரு கடையில் கொடுத்தேன். நாலா பக்கமும் வளைவு, ஃபாக் லேம்ப் ஓட்டை, விளிம்பு மடிப்பு என்று அது கைப்பழக்கம் உள்ளவர் வேலை. கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஃபிலிமை மெஷினில் அளவாக வெட்டிக் கொண்டுவந்து ஒட்டுவீர்களா, இல்லை வண்டி மேலேயே வைத்துப் பிளேடால் வெட்டுவீர்களா? பிந்தையது என்றால் வெட்டுபவர் கை எப்படி என்று அவர் ஏற்கெனவே செய்த வண்டியின் விளிம்பில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.

மற்றதெல்லாம் நானே ஒட்டினேன். சுருள்கள் பொதுவாக 1.52 மீட்டர் அகலத்தில் வரும். அதே கடையில் மீட்டர் 3,800 என்று இரண்டு மீட்டர் வெட்டி வாங்கினேன். என் வண்டியின் பானெட்டுக்கு அந்த அகலம் ஒரே துண்டில் போதும். நீளத்தில் 65 சென்டிமீட்டர் பானெட்டுக்குப் போனது. பாதி பானெட்டில் ஒட்டினால் நடுவில் ஒரு கோடு தெரியும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோட்டில் தூசி உட்காரும், வாரம் ஒருமுறை மெல்லிய பிரஷால் தட்ட வேண்டும். அது கண்ணை உறுத்தும் என்றால் இன்னும் அரை மீட்டர் சேர்த்து வாங்கி முழு பானெட்டையும் மூடிவிடுங்கள். எனக்கு உறுத்தவில்லை.

போலீஸ் பிடிக்குமா என்று ஆபீஸில் கேட்டார்கள். 2012-ல் உச்ச நீதிமன்றம் தடுத்தது கண்ணாடியில் ஒட்டும் கறுப்பு ஃபிலிமை. இது பெயிண்ட் மேல் ஒட்டும் தெளிவான தாள், வண்டியின் நிறத்தையும் மாற்றுவதில்லை.

ஒட்டுவதற்கு முன்

வேலையில் முக்கால்வாசி இதுதான். ஃபிலிமுக்கு அடியில் மாட்டும் ஒரு மணல் துகள், அது ஒட்டியிருக்கும் வரைக்கும் உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

பழைய புள்ளிகளை முதலில் கவனியுங்கள். துரு இருந்தால் நுனியை மட்டும் உப்புத்தாளால் சுரண்டி எடுத்து, ப்ரைமர் தொட்டு, வண்டி நிறத்திலேயே கிடைக்கும் டச்-அப் பெயிண்டைத் தீக்குச்சி முனையால் புள்ளி புள்ளியாக வைத்தேன். குவியலாக வைக்காதீர்கள், மேடு இருந்தால் ஃபிலிமுக்கு அடியில் காற்று நிற்கும். அதை இரண்டு வாரம் காயவிட்டேன். டிங்கரிங் செய்து புதிதாகப் பெயிண்ட் அடித்த பாகம் என்றால் குறைந்தது ஒரு மாதம் பொறுங்கள். அப்படிப்பட்ட பாகத்தில் பின்னாளில் ஃபிலிமை உரிக்கும்போது பெயிண்டும் கூடவே வர வாய்ப்புண்டு என்பதையும் மனதில் வையுங்கள்.

பிறகு ஷாம்பு போட்டுக் கழுவல். தார்ப்புள்ளிகளுக்குத் தார் ரிமூவர். கழுவிய பின் கையில் ஒரு மெல்லிய கேரி பேக்கை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவுங்கள். வெறுங்கைக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம் உப்புத்தாள் மாதிரி நெறநெறக்கும். அந்த நெறநெறப்பு போகும் வரை சோப்புத் தண்ணீர் தெளித்து, கிளே பார் என்கிற களிமண் மாதிரியான கட்டியால் லேசாகத் தேய்க்க வேண்டும். பிசைந்து பிசைந்து சுத்தமான பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். கீழே விழுந்த துண்டை மறுபடி எடுக்காதீர்கள், அதில் ஒட்டிய மண் பானெட்டில் கோலம் போட்டுவிடும். கடைசியாக ஐசோபுரப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து ஒருமுறை துடைத்தால் மெழுகும் எண்ணெய்ப் பசையும் போகும். எங்கள் பக்கம் கெமிக்கல் கடைகளில் அது லிட்டர் கணக்கில் கிடைக்கிறது.

இடமும் நேரமும் பார்க்க வேண்டும். நான் முதலில் செய்தது ஆடி மாதம், வீட்டு முற்றத்தில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் ஊரில் என்ன ஆட்டம் ஆடும் என்று தெரிந்தும் செய்தேன் பாருங்கள். அம்மியே பறக்கிற காற்றில் ஃபிலிம் எம்மாத்திரம்? உறையை உரித்ததும் துண்டு அப்படியே மடிந்து தன்னோடு தானே ஒட்டிக்கொண்டது, கூடவே முற்றத்து மண்ணும். ஆயிரம் ரூபாய்த் துண்டு குப்பைக்குப் போனது. பழைய தறிக்கூடத்துக்குள் வைத்துச் செய்யலாம் என்றார் மாமா. காற்று இல்லைதான், ஆனால் உத்தரத்தில் இருபது வருடப் பஞ்சு தொங்குகிறது. கடைசியில் ஐப்பசியில் இரவெல்லாம் மழை பெய்து விட்ட ஒரு காலை, போர்ட்டிகோவில், தரையை நனைத்துவிட்டு ஒட்டினோம். தூசி அடங்கியிருந்தது, தகடும் குளிர்ந்திருந்தது. வெயிலில் நின்ற வண்டியில் ஒட்டவே ஒட்டாதீர்கள். தண்ணீர் உடனே காய்ந்து, நகர்த்தும் முன்பே கம் பிடித்துவிடும்.

ஒட்டும் காலை

இரண்டு ஸ்ப்ரே பாட்டில் வேண்டும். ஒன்றில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்தாறு சொட்டு பேபி ஷாம்பு, இது வழுக்க. இன்னொன்றில் 850 மில்லி தண்ணீருக்கு 150 மில்லி அந்த ஆல்கஹால், இது பிடிக்க. எங்கள் போர்த் தண்ணீர் உப்பு, காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும் என்பதால் கேன் தண்ணீரைத்தான் பயன்படுத்தினேன். தண்ணீரைத் தள்ள நல்ல ரப்பர் முனை ஸ்க்வீஜி ஒன்று, கெட்டி முனையோடு சின்னது ஒன்று, புது பிளேடு, நூல் உதிராத துணி, ஒரு ஹேர் டிரையர். அவ்வளவுதான்.

வெட்டுவதை வண்டியில் செய்யாதீர்கள். சார்ட் பேப்பரைப் பானெட்டில் வைத்து விளிம்பை வரைந்து, அதைவிட மூன்று மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வெட்டி, அந்த அச்சை ஃபிலிமின் பின் உறை மேல் வைத்து வரைந்து மேசையிலேயே வெட்டிக்கொள்ளுங்கள். பின்பக்கம் வரைகிறோம் என்பதால் அச்சைக் கவிழ்த்து வைக்க வேண்டும், மறந்தால் இடது வலதாகிவிடும். மூலைகளை இரண்டு ரூபாய்க் காசை வைத்து உருண்டையாக வெட்டுங்கள். கூர்மூலைதான் முதலில் எழும்பும். வலது சைடு மிரரில் மட்டும் சோம்பல்பட்டு, ஒட்டிய பிறகு மேலேயே பிளேடு வைத்தேன். கை எவ்வளவு லேசாக இருந்தாலும் கோடு விழுந்துவிட்டது. அந்தக் கோடு இன்னும் இருக்கிறது.

பானெட்டிலேயே ஆரம்பிக்காமல், டிக்கியில் சாமான் ஏற்றும் விளிம்பில் முதல் துண்டை ஒட்டிப் பழகுங்கள். தட்டையான இடம், கெட்டுப்போனாலும் யார் கண்ணிலும் படாது. பெட்டி உரசும் இடம் என்பதால் அங்கே ஃபிலிம் இருப்பதும் நல்லதுதான்.

பானெட்டுக்கு இரண்டு பேர் வேண்டும். கைகளையும் ஷாம்புத் தண்ணீரில் நனைத்துக்கொள்ள வேண்டும், காய்ந்த விரல் கம்மில் பட்டால் ரேகை அப்படியே பதியும். நான் உறையை உரிக்க உரிக்க, கம் பக்கம் முழுவதும் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தேன். மாமா மறுமுனையைப் பிடித்திருந்தார். "நுங்காட்ட வழுக்குது அம்மிணி!" என்றார். அப்படி வழுக்கத்தான் வேண்டும். பானெட்டிலும் தாராளமாகத் தெளித்து, துண்டை மெதுவாகப் படுக்கவைத்து, இங்கும் அங்கும் தள்ளி ஓரங்கள் சமமாக வரும்படி நிறுத்துங்கள். பதற்றப்பட வேண்டாம். தண்ணீர் இருக்கும் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் தூக்கி வைக்கலாம்.

நின்றதும் ஃபிலிமின் மேல்பக்கமும் தெளியுங்கள். இல்லையென்றால் ஸ்க்வீஜி மாட்டி மாட்டி இழுக்கும். நடுவில் அழுத்தமாக ஒரு இழுப்பு, அதுதான் நங்கூரம். அங்கிருந்து ஓரத்தை நோக்கி, ஒவ்வொரு இழுப்பும் முந்தையதன் பாதி மேல் ஏறும்படி இழுத்துத் தண்ணீரை வெளியே தள்ளுங்கள். பானெட்டின் மடிப்புக் கோடு வரும் இடத்தில் அதன் நீளவாக்கிலேயே இழுக்க வேண்டும். வளைவில் சுருக்கம் விழுந்தால் இழுத்துப் பிடித்து மல்லுக்கட்டக் கூடாது. தூக்கி, தண்ணீர் அடித்து, ஹேர் டிரையர் சூட்டில் லேசாக இளக்கிவிட்டு, சுருக்கத்தை இரண்டு மூன்று சின்னச் சுருக்கங்களாகப் பிரித்து ஒவ்வொன்றாக அமுக்கினால் போய்விடும். அதிகம் இழுத்து ஒட்டிய ஃபிலிம் இழுத்த கோடுகளைக் காட்டும், நாளைக்கு ஓரத்தில் சுருங்கி எழும்பவும் செய்யும்.

ஓரத்துக்கு ஆல்கஹால் பாட்டில். விளிம்பை ஒரு அங்குலம் தூக்கி, உள்ளே தெளித்து ஷாம்பைக் கழுவிவிட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, துணி சுற்றிய சின்ன ஸ்க்வீஜியால் அழுத்துங்கள். பிடிக்காமல் முரண்டு பிடித்தால் இன்னொரு நிமிடம். அவசரப்பட்டு ஹேர் டிரையரைக் கிட்டே வைத்துக் காயவைக்காதீர்கள்.

முடித்துவிட்டுப் பார்த்தால் பானெட் முழுக்கக் கொப்புளமாகத் தெரியும், எனக்கு அழுகையே வந்தது. அழ வேண்டாம். விரலால் அமுக்கினால் நகர்கிற, கலங்கலான சின்னக் குமிழ் தண்ணீர். ஃபிலிம் வழியாகவே அது ஆவியாகிப் போய்விடும், சில நாளிலிருந்து இரண்டு மூன்று வாரம் வரை ஆகும். வெள்ளி மாதிரி பளபளப்பது காற்று. ஈரம் இருக்கும்போதே அந்தப் பக்கம் தூக்கி மறுபடி இழுத்தால்தான் உண்டு. அமுக்கினாலும் முனை குத்துவது மண், அதையும் அப்போதே தூக்கிக் கழுவிவிட வேண்டும். என் பானெட்டில் மண் இரண்டு இடத்தில் மாட்டியிருக்கிறது. ஒன்றைத் தூக்கிக் கழுவப்போய் அந்த இடத்தில் இன்னொன்று வந்ததால் விட்டுவிட்டேன்.

பானெட்டுக்கு மட்டும் மூன்று மணி நேரம் ஆனது. கடைக்காரர் அரை மணியில் முடித்திருப்பார்.

பிறகு

அன்று வண்டியை எடுக்கவில்லை. மறுநாள் காலை எல்லா விளிம்பையும் கட்டைவிரலால் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, எழும்பிய ஒரு மூலையை மட்டும் அழுத்தினேன். ஒரு வாரம் கழுவவில்லை. வாட்டர் வாஷ் கடையில் இப்போதும் பிரஷர் கன்னை விளிம்புக்கு நேராகக் காட்ட விடுவதில்லை. ஒரு அடிக்குக் குறையாத தூரத்தில், ஃபிலிமின் மேலிருந்து வெளியே போகும் வாக்கில் அடிக்கச் சொல்வேன். காக்கை எச்சத்தை வெயிலில் விடக்கூடாது, ஃபிலிமிலும் கறை பிடிக்கும். துணி உரசிய மெல்லிய கீறல்கள் நம் ஊர் மத்தியான வெயிலில் தாமாகவே ஆறிவிடுகின்றன.

மூன்று வருடம் ஆகிறது. பானெட் ஃபிலிமில் கல் பட்ட வடு நிறைய இருக்கிறது. இரண்டு இடத்தில் ஃபிலிமே பிய்ந்திருக்கிறது, ஆனால் அடியில் பெயிண்ட் அப்படியே இருக்கிறது. பெரிய கல் ஒன்று தகட்டில் ஒரு நெளிவு விட்டுப்போனது, அதற்கு எந்த ஃபிலிமும் பதில் சொல்லாது. க.பரமத்திக்குப் பக்கத்தில் ஒரு நாள் வண்டியின் முன்பக்கக் கண்ணாடியில் கல் பட்டு விரிசல் விட்டதற்கும்தான். பிய்ந்த துண்டை என்றாவது மாற்ற வேண்டும் என்றால் சூடுகாட்டி, தகட்டோடு ஒட்டினாற்போலத் தாழ்வான கோணத்தில், அவசரமில்லாமல் உரிக்க வேண்டும். மேல்நோக்கி வெடுக்கென்று இழுக்கக் கூடாது.

எல்லாம் முடிந்து ஒரு முழத் துண்டு மிச்சம் இருந்தது. மாமா தன் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் பால் கேன் உரசும் இடத்தில் ஒட்டிக் கொடு என்றார். கழுவிவிட்டு ஒட்டலாம் மாமா என்றேன். "அட, பாலுக்கு நேரமாச்சு, சும்மா ஒட்டு" என்றார். ஒட்டினேன். மறு வாரமே உரிந்து கேனில் ஒட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போய்விட்டது.